கத்னா: கத்தி வைக்குமுன் கேட்க வேண்டியது



பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டது. சுன்னத் கல்யாணப் பத்திரிகைகளும் வர ஆரம்பித்துவிட்டன. மிம்பரில் நாம் வழக்கமாகப் பேசாத ஒரு விஷயத்தை இன்று பேசப் போகிறேன்.

கத்னா மனித இயல்பைச் சேர்ந்த ஐந்து காரியங்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் அது வாஜிப், ஹனஃபியில் சுன்னத். அதில் நமக்குள் தகராறு இல்லை.

சில வருடங்களுக்கு முன் நம் மஹல்லாவில் நாற்பது நாள் குழந்தை ஒன்றுக்குக் கத்னா செய்தார்கள். துஆ ஓதியவன் நான்தான். விருந்தும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இரவில் கட்டு நனைந்திருக்கிறது. தானாக நின்றுவிடும் என்று வீட்டில் காப்பித்தூளை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். ஃபஜ்ரு பாங்கு நேரத்தில் குழந்தை அழவில்லை. தூங்குகிறது என்று நினைத்தார்கள். அது தூக்கமில்லை, மயக்கம்.

ஹீமோஃபீலியா என்றார்கள் அரசு ஆஸ்பத்திரியில். இரத்தம் உறையாத நோய். இரத்தமும் உறைவதற்கான மருந்தும் ஏற்றினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். குழந்தையின் தாய்மாமனுக்குப் பல் பிடுங்கியபோது மூன்று நாள் இரத்தம் நிற்கவில்லை என்று பிறகுதான் அந்தப் பிள்ளையின் நன்னி சொன்னார். "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்றேன். "யாரும் கேக்கலையே ஹஜ்ரத்" என்றார். நானும் கேட்கவில்லை.

மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்த இரத்தமே ஏறக்குறைய 250 மில்லிதான். இரண்டு மூன்று தேநீர் கிளாஸ். நமக்குச் சொட்டாகத் தெரிவது அதற்குச் சொட்டு அல்ல. இந்த நோய் பெரும்பாலும் தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வரும். தாய்மாமனிடம் சட்டையும் மோதிரமும் கேட்கிறோம், இதை மட்டும் கேட்பதில்லை. பரம்பரையில் யாருக்கும் இல்லாமலும் வரலாம் என்பதால் டாக்டரிடமும் காட்டுங்கள். குறைமாதமா, மஞ்சள் காமாலை உண்டா, பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா, எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. சில பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கும், முன்தோலும் குறைவாக இருக்கும். பிறக்கும்போதே சுன்னத்தாகி வந்தவன் என்று வீட்டில் பெருமைப்படுவார்கள். மீதித் தோலையும் வெட்டிவிட்டால், பின்னால் அந்தத் துவாரத்தைச் சரிசெய்ய அறுவை மருத்துவருக்குத் தேவைப்படும் தோலே இருக்காது. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கத்னா செய்யாமல் முதலில் அவரிடம் கொண்டுபோங்கள்.

தள்ளிப்போட்டால் பாவம் வந்துவிடுமோ என்று கேட்கிறார்கள். ஏழாம் நாள் விரும்பத்தக்கது என்று சொன்ன இமாம் நவவி அவர்களே, பிள்ளை பலவீனமாக இருந்தால் தாங்கும் வரை தள்ளிப்போட வேண்டும் என்கிறார்கள். உயிருக்கே ஆபத்து என்றால் கடமையே நீங்கிவிடும் என்றும் ஃபிக்ஹு நூல்களில் இருக்கிறது. இப்ராஹீம் (அலை) அவர்கள் 80 வயதில் கத்னா செய்துகொண்டார்கள்.

வைத்தியம் தெரியாதவன் வைத்தியம் செய்து கேடு வந்தால் அவனே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. பரம்பரைத் தொழில் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். கைதேர்ந்தவர் செய்தாலும் சிலருக்கு இரத்தக் கசிவோ புண்ணோ வரத்தான் செய்யும். கட்டு முழுக்க நனைந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், பல மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும், நுனி கறுத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாம்பல், மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள்.

மாதக் கடைசியில் நம் பள்ளியில் கூட்டுக் கத்னா முகாம் இருக்கிறது. குழந்தைகள் டாக்டர் முந்தின வாரமே வந்து பிள்ளைகளைப் பார்ப்பார். பெயர் கொடுக்கத் தகப்பன்மார் மட்டும் வந்தால் மோதினார் எழுதமாட்டார். பிள்ளையின் தாயையோ நன்னியையோ கூட்டி வாருங்கள். முதல் கேள்வி அவர்களிடம்தான்.