கனமான வண்டியின் கடமை

இந்தியாவின் சாலைகளில் ஓடும் இருசக்கர வண்டிகளில் எத்தனையோ லட்சம் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செய்யப்பட்டவை. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்துதான் வெளிவந்தது. ஏதர் மின்சார ஸ்கூட்டரும் ஓசூரில் தயாராகிறது. 2021இல் போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்தபோது, முழுக்கப் பெண்களே வேலை செய்யும் ஆலையாக அதை நடத்தப்போவதாக அறிவித்தார்கள். ஒரு காலத்தில் மாங்காய்க்கும் தேங்காய்க்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் பெயர் பெற்றிருந்த எங்கள் ஊரான போச்சம்பள்ளி, இப்போது ஷிப்ட் நேரத்தைப் பார்த்து விழிக்கிறது. ஷிப்ட் நேரத்தைப் பார்த்து உறங்குகிறது.

இப்படி நாட்டுக்கே வண்டி செய்து கொடுக்கும் கைகள், வீடு திரும்பும் வழியில் அதே வண்டியின் மேல் உயிரைப் பிடித்துக்கொண்டு போகின்றன. இதைத்தான் கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு ஆள் போகும் விடியற்காலையில் போச்சம்பள்ளியிலிருந்து மத்தூர் போகும் சாலையைப் பாருங்கள். நேரத்தோடு போட்டி போடும் கம்பெனி பஸ்கள், அவற்றை முந்தப் பார்க்கும் வேன்கள், கிரானைட் கல் ஏற்றிய டாரஸ் லாரிகள், மா சீசன் என்றால் கூழ் ஆலைக்குக் காய் கொண்டுபோகும் டெம்போக்கள், பின்விளக்கே இல்லாமல் வைக்கோல் ஏற்றிப் போகும் டிராக்டர். இத்தனைக்கும் நடுவே சாப்பாட்டுப் பையை முன்னால் மாட்டிக்கொண்டு பைக்கிலும் ஸ்கூட்டரிலும் போகிறவர்கள். கிருஷ்ணகிரியைத் தொட்டுத் தேசிய நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் சூளகிரி, ஓசூர், ஜூஜுவாடி என்று கர்நாடக எல்லை அத்திப்பள்ளி வரை இதே நெரிசல்தான். வேகம் மட்டும் இன்னும் அதிகம்.

ஒரு மழைக்கால அதிகாலையில் நான் இப்படிப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த ஒரு கம்பெனி பஸ், தனக்கு முன்னால் போன லாரியை முந்திக்கொண்டு என் பக்கத்துக்கே வந்தது. ஓட்டுநர் ஹைபீமை ஒரு முறை அடித்தார். அதற்கு எங்கள் சாலைகளில் ஒரே பொருள்தான்: நான் வருகிறேன், நீ இறங்கு. தார் விளிம்பைவிட்டு ஈர மண்ணில் வண்டியை இறக்கினேன். அது சறுக்கிச் சறுக்கி ஒரு புளியமரத்துக்கு முன்னால் போய் நின்றது. பஸ் நிற்கவில்லை.

கை நடுக்கம் அடங்கிய பிறகும் ஒரு கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. அந்த ஓட்டுநர் என்னைப் பார்க்கவில்லையா? நன்றாகப் பார்த்தார். பார்த்ததால்தான் விளக்கை அடித்தார். எதிரே வந்தது இன்னொரு பஸ்ஸாக இருந்தால் முந்தியிருக்க மாட்டார். இரண்டு சக்கரத்தில் வருகிறவன் பயந்து ஒதுங்கிவிடுவான் என்ற கணக்கில்தான் முந்தினார். அவர் போட வேண்டிய பிரேக்கை என்னைப் போட வைத்தார். எங்கள் பக்கத்துச் சாலைகளில் அன்றாடம் நடப்பது இதுதான். பெரிய வண்டியின் வேகத்துக்குச் சின்ன வண்டியின் பயம் பிரேக்காக இருக்கிறது. ஒரு நாள் அந்தச் சின்ன வண்டிக்காரருக்குக் கண் கூசிவிட்டால், ஓரத்தில் மண்ணுக்குப் பதில் பள்ளம் இருந்துவிட்டால், நைட் ஷிப்ட் முடித்த அசதியில் அரை நொடி தாமதித்துவிட்டால், அந்தப் பிரேக் பிடிக்காது. மறுநாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி வரும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். நூற்றுக்கு நாற்பத்து நாலுக்கும் மேல். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105. நாடு முழுவதும் நேர்ந்த மரணங்களில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது. இறந்தவர்களில் மிகப் பலர் ஊர் சுற்றப் போனவர்களாக இருக்க மாட்டார்கள். வேலைக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் போனவர்களாகத்தான் இருப்பார்கள்.

இத்தனை வேகமாகப் போய் எதைத்தான் மிச்சப்படுத்துகிறோம்? போச்சம்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அறுபதில் போனால் அரை மணி நேரம். எழுபதில் போனால் இருபத்தாறு நிமிடம். மிஞ்சுவது நாலு நிமிடம். மறுபக்கம், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் கடந்துவிடுகிறது. ஆபத்தைக் கண் கண்டு கால் பிரேக்கை மிதிப்பதற்குள் இருபது மீட்டருக்கும் மேல் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலு நாலு மடங்காகும். நாலு நிமிடத்துக்காக நாம் பணயம் வைப்பது அடுத்தவரின் வாழ்நாளை.

ஆனால் ஓட்டுநரை மட்டும் திட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுநர் ஒருவரிடம் டீக்கடையில் இதைப் பேசினேன். அவர் கோபப்படவில்லை.

“எனக்கும் புள்ள குட்டி இருக்குண்ணா. வேணும்னா வெரட்டுறேன்? ஏழு ஸ்டாப்பிங், ஒவ்வொண்ணுலயும் ஒருத்தர் ரெண்டு நிமிஷம் லேட்டு. கேட்டுக்கு அஞ்சு நிமிஷம் தாமதமாப் போனா உள்ள இருக்கிறவங்களுக்கு பஞ்ச் விழாது. டிராவல்ஸ் ஓனர் போன் மேல போன் போடுவாரு. இத முடிச்சுட்டு நான் ஸ்கூல் டிரிப் வேற போகணும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆலை வாசலில் தொடங்கும் அவசரம் ஒப்பந்தக்காரருக்கு இறங்குகிறது, ஒப்பந்தக்காரரிடமிருந்து ஓட்டுநருக்கு, ஓட்டுநரிடமிருந்து எதிரே பைக்கில் வருகிறவருக்கு. ஒவ்வொருவரும் தமக்குக் கீழே இருப்பவரிடம் அதைத் தள்ளிவிடுகிறார்கள். அதற்குமேல் யாரிடமும் தள்ள முடியாதவர் கடைசியில் உடம்பால் கணக்குத் தீர்க்கிறார்.

அந்தக் கடைசி ஆள் பைக்கில் போகிறவர் என்றும் சொல்லிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வாருங்கள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையைக் கடக்கும் பாட்டியை நோக்கி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறவர்கள் பெரும்பாலும் பைக்காரர்கள்தாம். பஸ் தங்களிடம் செய்வதை அவர்கள் பாட்டியிடம் செய்கிறார்கள். பாட்டி ஓடி ஒதுங்குவார் என்ற அதே கணக்கு. பாட்டிக்குக் கீழே யாரும் இல்லை. ஆகவே சாலையில் நல்லவர், கெட்டவர் என்று ஆட்களைப் பிரிப்பதைவிட, அந்த நொடியில் எதிரே இருப்பவரைவிட நான் கனமானவனா என்று கேட்டுக்கொள்வதுதான் சரியென்று எனக்குப் படுகிறது. கனமானவனாக இருந்தால் நிற்க வேண்டியது நான்தான். வழி யாருடையது என்ற வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இது வெறும் நல்லெண்ணம் அல்ல, சட்டமாகவும் இருக்கிறது. நெதர்லாந்தில் மோட்டார் வாகனம் சைக்கிளில் போகிறவர் மீதோ நடந்து போகிறவர் மீதோ மோதினால், இழப்பீட்டுப் பொறுப்பு பெரும்பாலும் வாகனத்தின் பக்கமே விழும்படி 1994ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வகுத்திருக்கிறது. நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டு வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், நடப்பவர், சைக்கிளில் போகிறவர், குழந்தைகள், முதியவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் விஷயத்தில் ஓட்டுநர் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்கின்றன. எழுத்தில் இருப்பது சாலைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சாலைப் பாதுகாப்பு என்றதும் நம் பேச்சு ஹெல்மெட்டில் தொடங்கி ஹெல்மெட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஹெல்மெட் வேண்டும், அதில் சமரசமே கிடையாது. 2015 ஜூலை 1 முதல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022இல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். அவர்களில் பின்னால் உட்கார்ந்து போனவர்கள் மட்டும் 14,337 பேர். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த மருத்துவ மதிப்பாய்வு ஒன்று, ஹெல்மெட் உயிரிழப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகச் சொல்கிறது. போலீசைக் கண்டதும் டேங்க் மேலிருந்து எடுத்து மாட்டும் ஹெல்மெட்டும், வார் பூட்டாத ஹெல்மெட்டும் இந்தக் கணக்கில் சேரா.

இந்த ஹெல்மெட்டின் வரலாற்றிலேயே நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. முதல் உலகப் போரில் அரபு நாட்டில் பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போனபோது, சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள் மீது மோதாமலிருக்க வண்டியை ஒடித்துக் கீழே விழுந்தார். தலையில் அடிபட்டு ஆறு நாளில் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அதன்பின் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் வெளியிட்டார். அந்த ஆண்டே பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தலைக்கவசம் பரவியதற்குப் பின்னால், தன்னைவிடச் சிறிய வண்டிக்காகத் தன் வண்டியைத் திருப்பிய ஒருவரின் மரணம் இருக்கிறது. நாம் அவரிடமிருந்து கவசத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அவர் கையைத் திருப்ப வைத்த எண்ணத்தையும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஹெல்மெட், நாம் விழுந்த பிறகு காப்பாற்றுவது. விழாமல் காப்பது எதிரே வரும் ஓட்டுநரின் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் அறிக்கை தந்தார். மற்ற வாகனங்களோடு மோதிய விபத்துகளில் பெரும்பாலானவற்றில், மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியை மற்ற வாகனமே மறித்திருந்தது. அந்த ஓட்டுநர்கள் பலரும் சொன்ன பதில், பார்க்கவில்லை என்பதே. காரின் கண்ணாடித் தூணுக்குப் பின்னாலும் லாரியின் இடப்பக்கத்து மறைவிலும் ஒரு பைக் முழுதாக ஒளிந்துவிடும். திரும்புமுன் கழுத்தைத் திருப்பி ஒரு தடவை பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

சாலை போடுகிறவர்களுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. மலேசியாவில் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று 1970களிலேயே தனித் தடம் அமைத்தார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி போலத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதிகளில் அப்படி ஒரு தடம் கேட்பது பேராசை அல்ல. அது வரும்வரை தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் உள்ள உயர வேறுபாட்டையாவது சமன்படுத்தலாம். சிப்காட் சாலைகள் பிரதான சாலையைத் தொடும் இடங்களில் விளக்கும் வேகத்தடையும் வைக்கலாம். டிராக்டர் டிரெய்லர் ஒவ்வொன்றிலும் ஒளிரும் பட்டை ஒட்டவைக்கலாம்.

ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் பத்து நிமிடம் சலுகை கொடுங்கள். தாமதமாக வந்த வண்டிக்கு அபராதம் போடுவதற்குப் பதில் வேகமாக வந்த வண்டிக்குப் போடுங்கள். உங்கள் வேன்களின் ஜி.பி.எஸ். கருவி வேகத்தையும் காட்டும், அதையும் பாருங்கள்.

ஓட்டுநர் நண்பர்களே, எதிரே பைக் வரும்போது முந்தாதீர்கள். இரவில் டிம் அடியுங்கள். யாரையாவது இடித்துவிட்டால் ஓடிவிடாதீர்கள். கூட்டத்துக்குப் பயமென்றால் காவல் நிலையத்துக்காவது போய் நில்லுங்கள், 108க்குச் சொல்லிவிட்டு.

விழுந்து கிடப்பவரைக் கண்டால் நாமும் கடந்துபோக வேண்டாம். உதவி செய்பவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறிமுறை, 2019இல் சட்டத்திலேயே சேர்ந்துவிட்டது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. பணத்தை எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

நாளைக் காலை நீங்கள் எந்த வண்டியை எடுத்தாலும், எதிரே வருகிறவர் உங்களைவிட எடை குறைந்தவரா என்று மட்டும் பாருங்கள். குறைந்தவர் என்றால் பிரேக்கை நீங்கள் போடுங்கள். அவரைப் போட வைக்காதீர்கள்.