மரத்தூண்களும் மாந்தர் இல்லங்களும்

பழைய கட்டிடம் ஒன்றைப் பேணுதல் அறத்தின்பாற்பட்ட செயலா, அன்றி அழகுணர்ச்சியின் வெளிப்பாடு மட்டுந்தானா? இவ்வினாவைக் கண்டி மாநகரைப் போலக் கூர்மையாக எழுப்பும் இடங்கள் மிகச் சிலவே. தலதா மாளிகையின் அயலில் மரத்தூண்கள் தாங்கிய அரச சபா மண்டபம் நிற்கின்றது. அங்கிருந்து கட்டுகஸ்தோட்டை செல்லும் வழியில், நடந்தே சென்றடையக்கூடிய தொலைவில் மஹய்யாவ உள்ளது. முன்னது, 1988ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட புனித நகரின் ஓர் அங்கம். பின்னது, அந்நகரைத் துப்புரவு செய்யும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடம். இரண்டும் பழையன, ஆயினும் ஒன்றின் பழமை பெருமை எனவும், மற்றொன்றின் பழமை சீர்கேடு எனவும் கொள்ளப்படுகின்றன.

மகுல் மடுவ எனப்படும் சபா மண்டபம் இராஜாதி ராஜசிங்கன் காலத்தில், 1783இல் தொடங்கப்பெற்று, கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் நிறைவெய்தியது. இவ்வகை மரக் கட்டிடத்தில் கூரையின் பாரத்தைத் தாங்குவது சுவரன்று. கைமரம் உத்தரத்திலும், உத்தரம் போதிகையிலும், போதிகை தூணிலும் பொருந்தி, பாரத்தை நிலத்துக்குக் கடத்துகின்றன. அதனாலேயே மண்டபம் நாற்புறமும் திறந்து நிற்க முடிகின்றது. இத்தச்சுக்கலையின் நுட்பத்தைக் கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலயத்திலும் காணலாம். கதிர்காமத் தெய்வத்துக்குரிய அக்கோயிலில் 26 கைமரங்கள் ஒரே மரமுளையிற் பொருத்தப்பட்டு நிற்கின்றன. அதன் மேளமண்டபத்து மரவேலைகளிற் சில, கம்பளையிற் கைவிடப்பட்ட அரச மண்டபமொன்றிலிருந்து கொணரப்பட்டவை என்பது மரபு.

மரம் கல்லைப் போன்றதன்று. கறையான் அரிக்கும், மழை நனைக்கும், தீ உண்ணும். ஆதலின் மரக்கட்டிடம் எதுவும் முழுமையாகத் தன் முதற்பொருளோடு நிலைத்தல் அரிது. இலண்டன் சதர்க் பகுதியிலுள்ள 'ஜோர்ஜ்' என்னும் மதுவிடுதி இதற்குத் தக்க சான்று. 1676ஆம் ஆண்டுத் தீயில் அழிந்த அவ்விடுதி அடுத்த ஆண்டே மீளக் கட்டப்பட்டது. 1889இல் புகையிரதக் கம்பனி அதன் பெரும்பகுதியை இடித்தது. எஞ்சிய ஒரு பக்கமே 1937 முதல் தேசிய நம்பிக்கை நிதியத்தின் பாதுகாப்பில் உள்ளது. இன்றும் அங்கு மக்கள் கூடி உணவருந்துகின்றனர். மகுல் மடுவவும் பிரித்தானியர் காலத்தில் நீட்டிப் பெருப்பிக்கப்பட்டதே. 1998ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பிற் சிதைவுற்ற தலதா மாளிகையும் செப்பனிடப்பட்டே இன்று நிற்கின்றது.

அங்ஙனமாயின், உறுப்புகள் மாறிய பின்னும் அது 'அதே' கட்டிடம் என எவ்வாறு கூறலாம்? இவ்வினா பௌத்த மெய்யியலுக்குப் புதியதன்று. மிலிந்த மன்னனுக்கு விடையிறுத்த நாகசேனர், சக்கரமோ அச்சோ நுகமோ தனித்துத் தேராகாது. இவற்றின் கூட்டுக்கே தேர் என்னும் பெயர் வழங்குகின்றது என விளக்கினார். கட்டிடமும் அத்தகையதே. ஜப்பானிய ஈசே ஆலயம் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுமரத்தால் எழுப்பப்படுகின்றது. எனினும் அதன் தொன்மையை எவரும் மறுப்பதில்லை. எனவே, பேணப்படுவது மரமன்று. அதனைச் செதுக்கும் கைத்திறனும், அதனைச் சூழ்ந்த நினைவும், அதிற் கூடும் மக்களின் உறவுமே பேணப்படுகின்றன.

இம்முடிபு ஏற்கப்படின், அடுத்த வினா தவிர்க்க முடியாததாகின்றது: எவருடைய நினைவு? 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி இராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்குக் கையளித்த உடன்படிக்கை மகுல் மடுவவிலேயே நிறைவேறியது. நாயக்க வம்சத்து மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். அவ்வாட்சி மாற்றத்தின் வழிவந்ததே தென்னிந்தியத் தொழிலாளரின் வருகை. நகரின் கழிவை அகற்றவென அழைத்துவரப்பட்டோர் மஹய்யாவையின் லயன் அறைகளிற் குடியமர்த்தப்பட்டனர். அரசிழந்தவனின் மண்டபம் போற்றப்படுகின்றது. அவ்விழப்பின் பின் வந்து நகரைத் தூய்மையாக வைத்தவர்களின் வரலாறோ நகர வரலாற்றில் இடம்பெறுவதில்லை. தொழிலின் பேராலும் சாதியின் பேராலும் ஒட்டிய இழிவு, ஊர்ப்பெயரையே சொல்லத் தயங்கச் செய்யுமளவு நீண்டது.

இவ்விடத்து ஓர் எதிர்வாதம் எழலாம். லயன் அறைகளையும் மரபுரிமைச் சின்னங்களாகப் பேணவேண்டுமா? ஒடுங்கிய அறையிற் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்வதைக் காட்சிப்பொருளாக்குவது கொடுமையன்றோ? இவ்வாதத்தில் உண்மையுண்டு. ஒழுகும் கூரையின்கீழ் வாழ்பவனுக்குத் தேவை நினைவுப் பலகையன்று. நல்ல வீடு, நிலவுரிமை, மதிப்பு. ஆயின், பழைய அறையை இடிப்பது ஒன்று. அதில் வாழ்ந்தோரை மறப்பது மற்றொன்று. உறுப்புகள் மாறினும் கட்டிடம் தொடரலாம் என்னும் நியாயம் மகுல் மடுவவுக்குப் பொருந்துமெனின், மஹய்யாவைக்கும் பொருந்தவேண்டும். சுவரும் கூரையும் புதியனவாகட்டும். அம்மக்கள் அவ்விடத்திலேயே, தம் அயலாரோடும் கோயிலோடும், தம் விருப்பம் கேட்கப்பட்டவர்களாய் வாழும் உரிமை தொடரட்டும். நகரின் எல்லைக்கப்பால் அவர்களைப் பெயர்த்துவிட்டு எழுப்பும் மாடிவீடு எத்துணை உறுதியுடையதாயினும், அது ஒரு குடியிருப்பின் தொடர்ச்சியாகாது.

பாதுகாத்தல் என்பது, எதனை நாம் மதிக்கின்றோம் என்பதன் வெளிப்படையான அறிவிப்பு. மன்னர் அமர்ந்த மண்டபத்தின் தூண் ஒன்று உளுத்தால் அறிஞரும் தச்சரும் ஓடிவருகின்றனர், அது வேண்டியதே. அவ்வக்கறையில் ஒரு பங்கேனும் அம்மண்டபத்தின் முற்றத்தை வைகறையிற் கூட்டுவோரின் இல்லங்கட்கும் கிட்டும்வரை, கண்டியின் மரபுரிமை பற்றிய பேச்சு குறையுடையதே. மஹய்யாவையின் முதியோர் நினைவுகளைப் பதிவுசெய்தல் பல்கலைக்கழகத்தார்க்கு அரிய பணியன்று. மலை ஏறி இறங்கிச் செல்லும் மனமே அதற்கு வேண்டுவது.