பிறர் என்பவர் யார்?



2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்தில் வெடித்த குண்டுக்கு, ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற சிறுபிள்ளைகளும் பலியானார்கள். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 இரவு, கல்முனைக்கு அடுத்த சாய்ந்தமருதில் அக்கூட்டத்தார் ஒளிந்திருந்த வீட்டின்மேல் ஐயங்கொண்டு தகவல் கொடுத்தவர்கள் யார்? அவ்வூர் முஸ்லிம்களே! குற்றுயிராய்க் கிடந்தவனைத் தூக்கியெடுத்த சமாரியனும் வேற்றினத்தான் அல்லவா?

நம் வாலிபரில் எத்தனை பேர் இதை அறிவார்கள்? அவர்கள் காதில் நாம் ஓதுவது பயத்தை மட்டுமே. பக்கத்து மேசைத் தோழனைச் சந்தேகித்தே வளரும் பிள்ளைக்கு மனச்சமாதானம் எங்கிருந்து வரும்?

பெற்றோரே, இன்றிரவு செபமாலைக்கு முன் இதைச் சொல்லுங்கள். சாய்ந்தமருது வீட்டினுள் மாண்ட குழந்தைகளுக்காகவும் ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் செய்யுங்கள்.