நாம் ஸபுர் என்று சொன்னது

"ஸபுர் செய்யுங்கள்" என்று பிறருக்குச் சொல்வது நம் வீடுகளில் மிக எளிதாக நடந்தேறும் காரியம். நோயாளியைப் பார்க்கப் போகிறோம். கொண்டு போன சாத்துக்குடிப் பழங்களைக் கொடுக்கிறோம். ஸபுர் செய்யச் சொல்கிறோம். துஆச் செய்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நோயாளியும் கேட்பதில்லை; நாமும் சொல்வதில்லை. சென்ற ஆண்டு அந்தச் சொல் நம் பக்கமே திரும்பி வந்தபோதுதான், இத்தனை காலமும் பொருள் தெரியாமலே அதை வழங்கி வந்திருக்கிறோம் என்பது புலனாயிற்று.

ஒரு சுபுஹு நேரத்தில் பள்ளிவாசல் ஹவுளின் படியில் பாசி வழுக்கி விழுந்தோம். வலது மேற்கை எலும்பில், தோளுக்குச் சற்றுக் கீழே விரிசல். டாக்டர் கையைத் துணியில் தொங்கவிட்டுக் கட்டினார். மூன்று வாரம் கழித்துக் கையை மெல்ல அசைக்கத் தொடங்க வேண்டும் என்று தெளிவாகவே சொன்னார். மூன்று வாரம் முடிந்தது. கட்டை அவிழ்த்துக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தோம். உயிரே போயிற்று. மறுபடியும் கட்டிக்கொண்டோம். கேட்டவர்களுக்கெல்லாம், "அல்லாஹ் தந்தது, ஸபுராக இருக்கிறோம்" என்று பதில் சொன்னோம். பத்து வாரம் இப்படியே ஓடியது.

தோள்மூட்டை அல்லாஹ் அமைத்திருக்கும் விதம் அதிசயமானது. ஆழமில்லாத ஒரு சிறு குழிவில் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை நிற்கிறது. அதைச் சுற்றித் தளர்ந்த பை போல ஓர் உறை. கை கீழே தொங்கும்போது அந்த உறையின் அடிப்பாகம் மடிந்து கிடக்கும். கையை உயர்த்தினால் மடிப்பு விரிந்து கொடுக்கும். வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் அந்த மடிப்புகள் ஒட்டிச் சுருங்கிவிடுகின்றன. பிறகு கை எழும்பாது. இப்படி இறுகிப்போன தோளுக்கு 'ஃப்ரோஸன் ஷோல்டர்', அதாவது உறைந்த தோள், என்று பெயர். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் காட்மேன் 1934-ல் வெளியிட்ட தம் நூலில் வழங்கிய பெயர் அது. அடி எதுவும் படாமலே நீரிழிவுக்காரர்களுக்கு இது வருவது அதிகம். சர்க்கரை இல்லாத வீட்டை நம்மவர்களிடையே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறதல்லவா, அதனால் சொல்லி வைக்கிறோம்.

நம் கை மார்புக்கு மேல் வரவில்லை. தக்பீர் கட்டும்போது இடக்கை மட்டும் உயரும். வலக்கை பாதி வழியில் நின்றுவிடும். சட்டை போட்டுவிடுவது, முதுகு தேய்ப்பது, தலை துவட்டுவது எல்லாம் வீட்டிலுள்ளவர்கள் வேலையாயிற்று. ஒருநாள் நாலாவது பொத்தானைப் போட்டுக்கொண்டே மனைவி கேட்டார்: "ஏங்க, ஸபுர் செய்யறது நீங்களா, நானா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஆயினும் நம்மிடம் ஆதாரம் ஒன்று இருந்தது. வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யக் கேட்டார். பொறுமையாக இருந்தால் சுவர்க்கம் உண்டு, விரும்பினால் சுகத்துக்கு துஆச் செய்கிறேன் என்று இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையையே தேர்ந்துகொண்டார். வலிப்பு வரும்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆக் கேட்டார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் அந்தப் பெண்மணியைச் சுட்டிக்காட்டி, சுவர்க்கத்துப் பெண் இவர் என்று தம் மாணவர் அதாவுக்கு அறிமுகம் செய்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. வைத்தியத்தை நாடாமல் பொறுத்திருந்தவருக்கு இத்தனை சிறப்பென்றால், நம்மைக் குறை சொல்ல யாரால் முடியும்?

இதை அஸருக்குப் பிறகு இமாம் ஹஜ்ரத்திடம் கொஞ்சம் பெருமையாகவே எடுத்துச் சொன்னோம். அவர் நம் தொங்கும் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அந்த அம்மாவுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று வலியே இல்லாத வழி. ரஸூலுல்லாஹ்வின் ஒரு துஆ, அதோடு தீர்ந்தது. அதை விட்டுவிட்டு அவர் கடினமானதை எடுத்துக்கொண்டார். உங்கள் முன்னாலும் இரண்டு வழி இருக்கிறது. நீங்கள் எடுத்திருப்பது எது?"

நமக்கு வாயடைத்துப் போயிற்று. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நமக்கு எளிது. அதை அசைப்பதுதான் கடினம். எளிதானதை எடுத்துக்கொண்டு அதற்குக் கடினமானதன் பெயரைச் சூட்டியிருந்தோம். வைத்தியம் செய்துகொள்வது எந்த நிலையிலும் கட்டாயக் கடமை என்று நாம் சொல்ல வரவில்லை. இமாம்கள் அதில் பலவாறாகப் பேசியிருக்கிறார்கள். மெய்யாகவே அந்தப் பெண்மணியின் இடத்தில் நிற்பவர்கள் இன்றும் இருக்கலாம். நாம் அந்த இடத்தில் நிற்கவில்லை. நமக்கு இருந்தது பயம்.

ஸபுரை நம் உலமாக்கள் மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள்: வணக்க வழிபாட்டில் நிலைத்து நிற்பது, பாவத்திலிருந்து விலகி நிற்பது, சோதனையைத் தாங்குவது. நாம் மூன்றாவதை மட்டுமே ஸபுர் என்று எண்ணியிருந்தோம். விழுந்த அன்றைய வலி மூன்றாவது வகை. அதை நம்மிடம் கேட்டுக்கொண்டா தந்தார்கள்? வந்தது, தாங்கினோம். பயிற்சியின் வலி அப்படியன்று. தினமும் காலையில் நாமே எழுந்துபோய் அதைத் தொடங்கி வைக்க வேண்டும். குளிர்காலத்துச் சுபுஹுக்குப் போர்வையை விலக்குவதைப் போன்றது அது. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு உணர்த்தியதை நினைத்தால், இதை முதல் வகையோடு சேர்ப்பது தவறாகாது என்றே தோன்றுகிறது.

பயிற்சி கொடுத்தவர் ஓர் இளைஞர். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, நம் தோளை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறுகையால் கையை உயர்த்துவார். வலி எலும்பைப் பிடுங்கும். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தமும் போடாமல் கிடந்தோம், முஸ்லிம் என்றால் இப்படித்தான் தாங்குவான் என்று அந்தப் பிள்ளை நினைக்கட்டுமே என்றும் ஓர் எண்ணம் (முகஸ்துதி எங்கெல்லாம் நுழைகிறது பாருங்கள்!). அன்றிரவு தூக்கமே இல்லை. மறுநாள் விஷயம் தெரிந்ததும் அவர் கடிந்துகொண்டார்: "பாய், வலிச்சா சொல்லணும். பயிற்சி முடிஞ்சு கொஞ்ச நேரத்துல அடங்கிட்டா அது வேலை செய்யற வலி. ராத்திரி தூங்க விடலைன்னா நான் அதிகமா இழுத்துட்டேன்னு அர்த்தம். நீங்க வாயைத் திறக்கலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

முனகினால் ஸபுர் முறிந்துவிடும் என்பது நம்மில் பலர் எண்ணம். நபியவர்களே தலைவலியில் 'ஆ, என் தலையே' என்று சொன்னதை ஆயிஷா நாயகி (ரலி) அறிவித்திருக்கிறார்கள். யஃகூப் (அலை) அவர்கள் கண் பூத்துப்போகும் வரை அழுதார்கள். முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தார்கள். அல்லாஹ்வைக் குறை கூறுவது வேறு. வலிக்கிறது என்று வைத்தியரிடம் சொல்வது வேறு.

அந்த நாட்களில் ஒருமுறை ஸாத் சூராவை ஓதிக்கொண்டு வந்தோம். ஐயூப் (அலை) அவர்களின் வரலாறு. எத்தனையோ தடவை ஓதிய இடம்தான். நோயால் நைந்து கிடந்தவருக்கு அல்லாஹ் சுகத்தைக் கொடுக்க நாடியபோது இட்ட கட்டளை என்ன? காலால் தரையை உதைக்க வேண்டும் என்பது. உதைத்த இடத்தில் குளிப்பதற்கும் குடிப்பதற்கும் நீர் வந்தது. உதைக்காமலே ஊற்றைத் தர அவனால் ஆகாதா? பிரசவ வேதனையிலிருந்த மர்யம் (அலை) அவர்களிடமும் பேரீச்சை மரத்தை உலுக்கச் சொல்லப்பட்டது. அந்த நிலையில் ஒரு பெண் உலுக்கி ஒரு மரம் எவ்வளவு அசையும்? ஆனாலும் உலுக்கச் சொன்னான். குர்ஆனை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் நம் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது வீட்டிலேயே மூன்று வேளை நடக்கிறது. மேசையில் இடக்கையை ஊன்றிக் குனிந்து, வலக்கையைத் தொங்கவிட்டுக் கடிகார ஊசல்போல் ஆட்டுவது. நிலைப்படிக்கு மேல் மாட்டிய கப்பியில் கயிற்றைப் போட்டு, நல்ல கையால் இழுத்துக் கெட்ட கையை ஏற்றுவது. சுவரில் விரல்களை எறும்புபோல் மேலே நடத்துவது. விரல் எட்டிய இடத்தில் மகள் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறாள். சில நாட்களில் கோடு முந்திய நாளைவிடக் கீழே இறங்கிவிடும். "பரவாயில்லை அத்தா" என்று சொல்லிவிட்டு அதையும் எழுதி வைக்கிறாள். முழுதும் சரியாக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்கிறார்கள்.

தக்பீரில் இயன்ற அளவு உயர்த்தினால் போதும், கை உயர்த்துவது சுன்னத்துதான், தொழுகைக்குக் குறைவில்லை என்று ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். பொத்தானை நாமே போட்டுக்கொள்கிறோம். கை தோளைத் தாண்டிவிட்டது. காது மடலுக்கு இன்னும் நான்கு விரற்கடை பாக்கி இருக்கிறது.