சம்மதம்

'நீங்கள் போய்வர முடியுமா?' என்று கேட்டவன் நான். 'சரி சார்' என்றவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், வீட்டில் கைக்குழந்தை. போகவேண்டிய அந்நிய நகரத்தில் கலவரம் அடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நிலைமை சரியில்லை என்று அங்கிருந்து வந்த கடிதம் என் மேஜை டிராயரில் இருந்தது. அதை அவரிடம் நான் காட்டவில்லை. அவர் போனார்; வேலையை முடித்துக்கொண்டு சிறு கீறலும் இல்லாமல் திரும்பினார். ஒன்றும் நடக்கவில்லை என்பதாலேயே நான் செய்தது சரியாகிவிடுமா?

இக்கேள்வி ஒருமுறை நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 2012 ஜூன் 29 அன்று கென்யாவில், தாதாப் அகதி முகாமில், நார்வே அகதிகள் கவுன்சிலின் வாகனங்கள் தாக்கப்பட்டன. டிரைவர் ஒருவர் கொல்லப்பட்டார். ஊழியர்கள் நால்வர் சோமாலியாவுக்குள் கடத்திச் செல்லப்பட்டு, நான்காம் நாள் மீட்கப்பட்டனர். அவர்களில் ஒருவரான கனடாக்காரர் ஸ்டீவ் டென்னிஸ் வழக்குத் தொடுத்தார். கடத்தல் அபாயம் முன்பே தெரிந்திருந்தும் ஆயுதக் காவலின்றிப் போயிருந்தார்கள். கவனக்குறைவை ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. அது மிகக் கடுமையானது என்பதைத்தான் மறுத்தது. 2015 நவம்பரில் ஆஸ்லோ நீதிமன்றம் கடுமையானதுதான் என்று தீர்ப்பளித்தது.

'தெரிந்துதானே போனார்கள்?' என்பது வழக்கமான பதில். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆபத்தை ஏற்கும் உரிமை ஒரு மனிதனின் கௌரவத்தில் சேர்ந்தது. அதை மறுத்தால் ஊழியன் குழந்தையாகிவிடுகிறான்; காவல் சிறையாகிவிடுகிறது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் முதலாளியும் 'பத்திரமாக இருக்கட்டும்' என்றுதானே சொல்கிறான்?

ஆனால் இங்கே இரண்டு அபாயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று, இடத்தின் அபாயம். போகிறவன் அதை அறிந்து ஏற்கலாம். மற்றது, அனுப்புகிறவன் தன் அவசரத்தாலும் சிக்கனத்தாலும் மௌனத்தாலும் அதன்மேல் கூட்டுவது. இதை ஏற்றுக்கொள்ளும்படி யாரையும் கேட்க முடியாது. கேட்பதற்கு முதலில் அதைச் சொல்லியாக வேண்டும். சொன்னாலும், சம்பளமும் பதவி உயர்வும் 'பயந்தாங்கொள்ளி' என்ற பெயரும் அந்தச் 'சரி சார்' என்பதற்குள் கலந்திருக்கின்றன. மறுத்தால் ஒன்றும் இழக்கமாட்டோம் என்று உறுதியானவனின் சம்மதம்தான் சம்மதம்.

பயண அபாயங்களைக் கையாள ஐஎஸ்ஓ 31030 என்ற சர்வதேச வழிகாட்டி 2021இல் வெளிவந்தது. அது தேவைதான். ஆனால் எந்தப் படிவமும் போகிறவனைக் காக்கும் அதே சுலபத்தில், அனுப்பியவனையும் காத்துவிடக்கூடியது. நிரப்பிய படிவம் ஒன்று அன்று என்னிடமும் இருந்தது.

தாதாப்பில் இறந்த டிரைவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர் பயணி அல்ல. சொந்த நாட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். வெளிநாடு செல்வோரின் பாதுகாப்பு என்று நாம் பேசும்போதே அவர் அந்த வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார். என் சகாவையும் அந்நகரத்தில் ஒருவர் மூன்று நாள் காரில் அழைத்துப் போயிருக்கிறார். முடியுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவர் பெயர் எங்கள் கோப்பில் இல்லை.

கடிதத்தைக் காட்டியிருந்தாலும் என் சகா 'சரி சார்' என்றுதான் சொல்லியிருப்பாரோ என்னவோ. அப்போது அது அவருடைய சம்மதமாக இருந்திருக்கும். நடந்தது என்னுடையது.