கால் பங்கு கூடுதல்

வீட்டுக் கராஜில் விமானம் கட்டுகிறவர்களுக்கு இறக்கையின் அடித்தகட்டை ரிவெட் அடித்து மூடும் நாள் ஒன்று வரும். அதற்குப் பிறகு உள்ளே இருப்பதில் பெரும்பகுதி யார் கண்ணிலும் படாது. நான் கட்டுவது வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-7. இரண்டு பேர் அக்கம்பக்கமாக உட்காரும் அலுமினிய விமானம். ஓரிகன் மாநிலத்து அரோரா ஊரிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிறது. அமெரிக்கச் சட்டப்படி இது 'பரிசோதனை' வகை. வேலையின் பெரும்பகுதியைக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனி ஆட்களே செய்திருக்க வேண்டும். கடைசியில் அரசு சார்பில் ஒருவர் வந்து மூடிகளைத் திறந்து எட்டிப் பார்ப்பார், பதிவேட்டைப் புரட்டுவார். ரிவெட் அடித்த தகட்டைப் பிரித்துக் காட்டச் சொல்ல மாட்டார்.

அப்படியானால் மூடப்போகிற இடத்தில் செய்யும் வேலைக்கு யார் சாட்சி?

அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். இறக்கை நுனியில் விளக்குகள், முன்விளிம்பில் தரையிறங்கும் விளக்கு, வேகம் அளக்கும் பிட்டோ குழாய்க்கு ஹீட்டர். இவற்றுக்கான ஒயர்கள் நுனிவரை ஓட வேண்டும். வழி நெடுக இறக்கையின் விலா எலும்புகள் போல ரிப் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு, நெளிவரி ஓடும் பிளாஸ்டிக் குழாயை நுழைக்கிறோம். ஓட்டையின் விளிம்பை நகத்தால் தடவினால் பிசிறு தட்டுப்படும். அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் எஞ்சின் அதிர்வில் அந்த விளிம்பு அரம் போல வேலை செய்யும். முதலில் குழாய், அப்புறம் ஒயரின் மேலுறை, அப்புறம் செம்பு. குழாய் ஆடாமல் இருக்க ரிப்பைத் தொடும் இடத்தில் ஒரு பொட்டு சிலிக்கான் பசை. கடையில் மலிவாகக் கிடைக்கும் பசையில் வினிகர் வாடை அடிக்கும்; அந்த அமிலம் அலுமினியத்தை அரித்துவிடும், வேறு வகையைத் தேடி வாங்க வேண்டும். குழாயின் தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை. பெட்ரோல் குழாய் பக்கத்தில் வந்தால் ஒயர் அதற்கு மேலேதான் போக வேண்டும். பெட்ரோல் குழாயோடு சேர்த்துக் கட்டவே கூடாது.

(குழாயே வேண்டாம், கண்ணில் படும்படி கிளாம்ப் போட்டுக் கட்டு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. திறந்து பார்க்க வழியுள்ள இடத்தில் அவர்கள் சொல்வது சரி. மூடிய இறக்கைக்குக் குழாய்தான்.)

என் மாமனார் திருச்சி கோட்டத்தில் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கோடைக்கு எங்களிடம் வந்திருந்தவர், கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எனக்கு டார்ச் பிடிப்பார். நான் பிசிறு சுரண்டிக்கொண்டிருந்தபோது, "யாரும் பார்க்கலேன்னாலும் பெருமாள் பார்த்துக்கிட்டுதான் இருக்கார்மா" என்றார்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒருவர் பார்க்கிறார் என்பதற்காக ஒழுங்காக இருப்பது பரீட்சை ஹால் ஒழுக்கம். "அப்போ அவரும் இன்னொரு இன்ஸ்பெக்டர்தானே மாமா?" என்றேன்.

கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் காபியோடு பிருகதாரண்யக உபநிடதத்தைக் கொண்டுவந்தார். ஜனகர் சபையில் உத்தாலகர் யாக்ஞவல்கியரைக் கேட்கிறார்: இந்த உலகையும் அந்த உலகையும் எல்லா உயிர்களையும் கோத்திருக்கும் நூல் எது? உள்ளிருந்து நடத்துகிறவன், அந்தர்யாமி, யார்? நூல் காற்று என்கிறார் யாக்ஞவல்கியர். அதனால்தான் ஒருவன் செத்தால் அங்கங்கள் தளர்ந்துவிட்டன என்கிறார்களாம். உள்ளிருப்பவனோ மண்ணுக்குள், நீருக்குள், நெருப்புக்குள் என எல்லாவற்றுக்குள்ளும் இருப்பவன். அவை அவனை அறியா. ராமானுஜரின் வேதாந்தத்துக்கு இந்தப் பகுதி ஒரு தூண். "அந்தர்யாமி வேவு பார்க்கிறவர் இல்லைம்மா, தாங்குறவர்" என்றார் மாமா. காற்றில் போகப்போகிற ஒன்றுக்குள் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவளால் அதைச் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியவில்லை.

ஆனாலும் விடவில்லை. எல்லாவற்றுக்குள்ளும் இருப்பவர் உரசித் தேயும் ஒயருக்குள்ளும் இருக்கிறாரே? 1998 செப்டம்பர் 2 அன்று ஸ்விஸ்ஏர் 111 விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா அருகே கடலில் விழுந்து 229 பேர் இறந்தார்கள். விமானி அறைக் கூரைக்கு மேலே ஒயரில் எழுந்த மின்பொறி, பக்கத்திலிருந்த வெப்பத்தடுப்புப் போர்வையின் மேலுறையைப் பற்றவைத்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. அங்கே அவர் ஏன் தாங்கவில்லை? மாமா "விதி" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கனடா விசாரணையாளர்கள் கடலடியிலிருந்து துண்டு துண்டாக எடுத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தார்கள். அது முடியும் முன்பே, 2000-ல், அந்த வகைப் போர்வைகளை மற்ற விமானங்களிலிருந்து அகற்ற அமெரிக்க அரசு உத்தரவிட்டது. விதி என்று கைகழுவியிருந்தால் போர்வை அங்கேயேதான் இருந்திருக்கும்.

மூடிய இடத்து வேலைக்கு யார் சாட்சி என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஏசி 43.13-1பி என்ற வறட்டுக் கையேட்டில். குழாயின் உள்விட்டம் ஒயர்க் கட்டின் விட்டத்தைவிட 25 சதவீதம் கூடுதலாக இருப்பது வழக்கம் என்கிறது அது. பராமரிப்பு எளிது, பின்னால் புது இணைப்பு வந்தாலும் இடம் இருக்கும். விட்டத்தில் கால் பங்கு கூடினால் பரப்பில் பாதிக்கும் மேல் கூடும். இன்னும் வராத ஒயருக்காக அவ்வளவு இடம்!

அந்த ஒயரை இழுக்கப்போவது நானாக இல்லாமல் போகலாம். கட்டியவள் என்பதால் ஆண்டுதோறும் சோதித்துக் கையெழுத்துப் போடும் சான்று எனக்குக் கிடைக்கும். விமானத்தை விற்றால் அது வாங்குபவருக்குப் போகாது. அவர் பெரும்பாலும் ஒரு மெக்கானிக்கைத் தேட வேண்டியிருக்கும். இருட்டில் கையை விட்டுத் துழாவப்போகிற அந்த மெக்கானிக், நான் எதை எங்கே கொண்டுபோனேன் என்று யாரைக் கேட்பார்? எல்லாம் அறிந்தவருக்கு ஒயரில் நம்பர் ஒட்டி வைக்க வேண்டியதில்லை. ஒன்றும் தெரியாமல் டார்ச்சோடு வருகிறவருக்குத்தான் வேண்டும். மறைவிடத்து வேலைக்குக் கணக்கு கேட்கும் உரிமை அவருக்குத்தான் என்று நினைக்கிறேன்.

குழாய்க்குள் ஒரு நைலான் நூலையும் விட்டுவைத்தேன், புது ஒயரைக் கட்டி இழுக்க. மாமா அதைப் பார்த்துவிட்டு, "நாங்களும் சிக்னல் கேபிள்ல ஸ்பேர் விடுவோம். யாருக்குன்னு யோசிச்சதே இல்லை" என்றார். கொஞ்சம் கழித்து, "வரப்போற அந்த மெக்கானிக்குக்குள்ளேயும் அந்தர்யாமி இருக்கார்ல?" என்றார். இதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். அவர் உள்ளே இருக்கிறாரோ இல்லையோ, மெக்கானிக்குக்குக் கை வலிக்கும்.

விமானம் கட்டாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுச் சுவரில் ஒயரிங் பைப் பதித்தால், பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து, அளவு குறித்து, பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்து அங்கே ஆணி அடிக்கப்போகிறவருக்கு அது வேண்டும்.