தீர்த்தத் தொண்டு

திருச்சிற்றம்பலம்



மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றனுள் முன்னை இரண்டனைக் குறித்து நம்மவர் பேசுவனவும் எழுதுவனவும் மிகப்பல. தீர்த்தத்தைக் குறித்தோவெனின், அதன் பெயரையும் அதில் மூழ்கினார் பெறும் பயனையும் கூறி அவ்வளவின் அமைவர். அத்தீர்த்தத்தில் இன்று நீர் உளதா, அந்நீர் எவ்வழியாக வந்து சேர்கின்றது, அவ்வழியை அடைப்பவர் யாவர், திறப்பவர் யாவர் என வினவுவார் அரியர். அவ்வினாவைக் காரைக்காற் பகுதியில் நிகழ்ந்ததொன்றை முன்னிட்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

காரைக்கால் சோழவளநாட்டின் கடற்கோடியிலுள்ளது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இச்சிறு பகுதி 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954-ஆம் ஆண்டில் இந்தியாவுடன் இணைந்து, புதுவையைச் சார்ந்து நிற்பது. அம்மையார் திருவவதாரஞ் செய்த பதியும், திருநள்ளாறு, திருத்தருமபுரம், திருத்தெளிச்சேரி, திருவேட்டக்குடி ஆகிய பாடல்பெற்ற தலங்களும் இதன்கண் உள்ளன. அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு எனக் காவிரியின் கிளைகள் பலவாய்ப் பிரிந்து இங்கே கடல் புகுகின்றன. தொண்டைநாட்டிற் போலக் கண்ணுக்கெட்டாத பேரேரிகள் இங்கில்லை. ஊர்தோறும் குளமும் குட்டையும், அவற்றை ஆற்றோடு இணைக்கும் வாய்க்காலுமே இந்நாட்டின் நீர்நிலைகள்.

ஆறுகள் பலவாயினும் இது கடைமடை. மேல்மடையார் கொண்டது போக எஞ்சியதே இங்கு வரும். காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பில் புதுவைக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீரை உச்சநீதிமன்றமும் 2018-ஆம் ஆண்டில் உறுதி செய்தது. ஆயினும், ஏட்டிலுள்ள நீர் அனைத்தும் வாய்க்காலில் வந்த நீராகி விடாது. கடல் அணித்தாதலின், நிலத்தடியில் நன்னீர் குறையுந்தோறும் உவர்நீர் உட்புகும். மழைநீரையும் ஆற்றுநீரையும் ஏற்று நிறுத்தி, மெல்ல மெல்ல மண்ணுள் இறக்கி, அவ்வுவரை எதிர்த்து நிற்பன ஊர்க்குளங்களே. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் ஏறிய காலத்தே, கடல் எத்துணை அண்மையது என்பதை இப்பகுதியார் யாவரும் உணர்ந்தனர்.

இந்நிலையில், 2019-ஆம் ஆண்டு வறட்சியின்போது, அப்பொழுது மாவட்ட ஆட்சியராயிருந்த விக்ராந்த் ராஜா அவர்கள் 'நம் நீர்' என்னும் பெயரால் ஒரு முயற்சியைத் தொடங்கினார். கோயில்கள், கல்விநிலையங்கள், தொழில் நிறுவனங்கள், அரசாங்க அலுவலகங்கள், ஊரார் என யாவரும் தத்தமக்கெனக் குளங்களை ஏற்றுக்கொண்டு தூர்வார முன்வந்தனர். மூன்று திங்களளவில் 178 நீர்நிலைகள் தூர்வாரப் பெற்றன. பொருளுடையார் பொருளும், உடல்வலியுடையார் உழைப்பும், இரண்டும் இல்லாதார் நன்மொழியும் உதவினர். இத்தகைய செயல் நம் போற்றுதற்குரியது என்பதில் ஐயமில்லை.

ஐயம் வேறோரிடத்து எழுகின்றது. 'குளந்தொடுதல் பொதுவறமே, உலகர் செய்யும் நல்வினைகளுள் ஒன்று. அது பசுபுண்ணியமாவதன்றிச் சிவபுண்ணியமாமாறு யாங்ஙனம்? சித்தாந்தம் பேசும் ஏட்டில் இதற்கென்ன இடம்?' என்று நூல்வல்லார் சிலர் வினவுதல் கூடும். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. 'யான் செய்தேன், எனக்கு இப்பயன் வருக' என்னும் எண்ணத்தோடு செய்யும் நல்வினை பசுபுண்ணியம். அது போகத்தைத் தந்து, அப்போகம் கழிந்தவழி மீட்டும் பிறப்பிற் செலுத்தும். சிவனை முன்னிட்டு, அவன் பணியென உணர்ந்து செய்வது சிவபுண்ணியம். அது கெடாது முதிர்ந்து ஞானத்திற்கு ஏதுவாம். நம் ஆசிரியர் வகுத்த இவ்வேறுபாடு உண்மையே. ஆயின், ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. இவ்வேறுபாடு செய்வானது கருத்தின்கண் உள்ளதன்றிச் செயலின் புறவடிவில் உள்ளதன்று.

திங்களூர் அப்பூதியடிகளை நோக்குக. வழிச்செல்வார்க்குத் தண்ணீர்ப்பந்தர் அமைத்தல் எல்லாச் சமயத்தாரும் செய்யும் பொதுவறம். அடிகள் தாம் காணாத திருநாவுக்கரசரின் திருப்பெயரை அப்பந்தருக்கு இட்டார். நீர் அதே நீர். பந்தர் அதே பந்தர். திருப்பெயர் ஒன்று சேர்ந்தவுடன் அது அடியார் தொண்டாயிற்று. அரசரையே அவர் மனைக்கு அழைத்து வந்தது. திருநாளைப்போவார் திருப்புன்கூரில் தரிசனம் பெற்று அப்பால் நீங்காது, ஆங்கிருந்த பள்ளத்தைக் குளமாகத் தொட்டனர். திருக்கோயிலுள் புகப்பெறாத அப்பெரியாருக்குக் குளமே கோயிலுக்குப் புறத்திருந்து செய்யும் வழிபாடாயிற்று.

இவர்க்கெல்லாம் மேலாக ஈண்டு நினைக்கத்தக்கவர் திருவாரூர்த் தண்டியடிகள். புறக்கண் இல்லாத அவர், திருக்கோயிலின் மேற்பால் உள்ள திருக்குளம் பக்கங்களிற் குடியிருப்புக்கள் நெருங்கியதாற் பரப்புக் குறைந்து, மண் தூர்ந்து கிடந்ததனை உணர்ந்தார். குளத்தினுள் ஒரு தறியும் கரைமேல் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணைக் கல்லிக் கூடையிற் சுமந்து கரையேற்றினார். சிற்றுயிர்கள் மாயும் என்று சொல்லித் தடுத்தவரும், மண்வெட்டியையும் கூடையையும் பறித்தவரும், நட்ட தறிகளைப் பிடுங்கியவரும் உளர் எனச் சேக்கிழார் பெருமான் உரைப்பர். அடிகளோ, இது சிவபெருமானுக்குச் செய்யும் பணி என்னும் ஒன்றிலேயே நிலைத்து நின்றார். கண்பெற்றது அருளின் பயன். கண்பெறு முன்னரே குளத்தின் குறையை உணர்ந்தது அன்பின் பயன் என்க.

இவ்வரலாறு இன்று நமக்குச் சொல்வது ஒன்றுண்டு. அன்று குளத்தை நெருக்கியவர் புறச்சமயத்தார் எனப் புராணம் கூறும். இன்று குளக்கரையை அடைத்து மனை எழுப்புவாருள்ளும், வாய்க்காலிற் குப்பை கொட்டுவாருள்ளும் நீறணிந்தாரே பலர். பிறர்மேல் ஏற்றிச் சொல்லத் தக்க குற்றம் இதன்கண் இல்லை. கண்ணில்லாத ஒருவர் கயிற்றைத் தடவிச் செய்த பணியைக் கண்ணுடைய ஓர் ஊர் முழுதும் செய்யாது விடுமாயின், குறை எங்குள்ளது என்று யாம் சொல்லவும் வேண்டுமோ?

'புறத்தீர்த்தம் சரியையார்க்கே; ஞானத்தில் நிற்பார்க்கு அகத்தீர்த்தமே அமையும்' என்பாரும் உளர். சரியை கிரியை யோகங்கள் ஞானத்திற்குப் படிகள் என்பது மெய்யே. ஆயினும், சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரம் சீவன்முத்தரையும் ஆலய வழிபாட்டினின்று விலக்கிற்றில்லை. அவ்வழிபாட்டின்கண் நிற்பித்தே முடிகின்றது. ஆலயம் என்பது கருவறை மட்டுமன்று. திருமதிலும், நந்தவனமும், திருக்குளமும் சேர்ந்ததே ஆலயம். அன்றியும், இறைவனுக்குரிய எட்டு மூர்த்தங்களுள் நீரும் ஒன்று. திருவானைக்காவில் அவன் நீருருவாய் நின்றே வழிபாடு கொள்கின்றான். நீரைப் பாழ்செய்து இலிங்கத்திற்கு நீராட்டுதல், திருமேனியின் ஒருபாகத்தை மிதித்து ஒருபாகத்திற்குப் பூச்சூட்டுதலை ஒக்கும்.

மிதித்தல் என்றவுடன் காரைக்காலம்மையாரின் திருச்செயல் நெஞ்சில் எழுகின்றது. இறைவன் எழுந்தருளிய கயிலைமலையைக் காலால் மிதித்தல் தகாதென்று தலையால் நடந்து ஏறிய தாய் அவர். ஆனித் திங்களில் அவர் பிறந்த ஊரில் மாங்கனித் திருவிழா நிகழ்கின்றது. மாடத்தினின்று எறியப்படும் கனியை ஏற்கப் பல்லாயிரவர் வீதியில் திரள்கின்றனர். அங்கேதான் அம்மையார் கோயிலைச் சார்ந்த சந்திர தீர்த்தமும் உள்ளது. சிவன் உறையும் இடத்தில் அடிவைக்கவும் அஞ்சிய அம்மையாரை வணங்க வந்தவர், சிவன் திருவுருவாகிய நீரில் எச்சிலிலையும் பிளாஸ்டிக் பையும் எறிந்து செல்வராயின், அவ்வணக்கம் எவ்வாறு அம்மையாரைச் சென்றடையும்?

திருநள்ளாற்றிலும் இதனையே சொல்லல் வேண்டும். நளன் தீர்த்தத்தில் நீராடித் தருப்பாரணியேசுவரரை வழிபட்டுத் துயர் நீங்கினான் என்பதே தலவரலாறு. நீராடியபின் உடுத்த ஆடையைத் தீர்த்தத்திலேயே விட்டுச்செல்லும் வழக்கம் பிற்காலத்துப் பரவியுள்ளது. சனிப்பெயர்ச்சிக் காலத்தில் வந்து கூடும் இலக்கக் கணக்கானோர் ஒவ்வொருவரும் ஓர் ஆடையை விடுவராயின் அக்குளம் என்னாம்! தம் துயர் நீங்கத் தீர்த்தத்திற்குத் துயர் செய்தல் வழிபாடன்று என்பதனை ஆங்கு வருவார்க்கு எடுத்துரைத்தல் கற்றார் கடன்.

இனி, காரைக்காலில் முசுலிம்களும் கிறித்தவரும் நம்மோடு ஒருங்கு வாழ்கின்றனர். 'நம் நீர்' முயற்சி ஒரு சமயத்தார்க்கே உரியதன்று. பிற சமயத்தார் கைபட்ட குளப்பணி சிவப்பணியாமோ என ஐயுறுவார், எத்தெய்வத்தை முன்னிட்டு வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றுப் பயன் தருபவன் சிவனே எனச் சிவஞான சித்தியார் கூறியதனை மறந்தவராவர். குளத்து நீர் தன்னை முகப்பார் சமயத்தைக் கேட்பதில்லை, அருளும் அத்தகையதே.

முடிவாக, யாம் சொல்லக் கருதிய தலையாய பொருள் ஒன்று எஞ்சியுள்ளது. பாசி படர்ந்த குளத்தில் ஒரு கல்லை எறிந்தால், கல் விழும்பொழுது பாசி விலகும். சற்று நேரத்தில் மீண்டும் வந்து மூடும். அரன் திருவடியை உணரும்போது மலம் அகலுதலும், உணர்வு நெகிழ்ந்தபோது மீண்டும் அணுகுதலும் இத்தன்மைய எனச் சித்தியார் உவமை காட்டும். அவ்வுவமை உயிருக்குச் சொல்லப்பட்டதாயினும், உவமானமாகிய குளத்திற்கும் உண்மையே அன்றோ? 2019-ஆம் ஆண்டில் மூன்று திங்களில் நிகழ்ந்தது எறிந்த கல். பாசி விலகிற்று, நீர் தெரிந்தது. ஆயின் ஒவ்வொரு வெள்ளமும் வண்டலைக் கொணரும். வாய்க்கால்தோறும் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மீண்டும் தழைக்கும். கல்லை எறிந்தார்க்குப் புகழ் உண்டு. நாள்தோறும் பாசியை விலக்குவார்க்கோ பெயரும் இல்லை. அப்பெயரில்லாப் பணியே சரியை. நாவரசர் தம் திருக்கரத்து ஏந்திய உழவாரம் ஒருநாள் விழாவிற்கு எடுத்த கருவியன்று. வாழ்நாள் முழுதும் நீங்காதது.

பண்டைச் சோழநாட்டார் இதனை அறிந்திருந்தனர். முதற்பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரிவாரியத்தையும் ஒன்றாக வைக்கின்றன. முன்னர் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் அதனுட் புகலாகாதென விலக்குகின்றன. ஏரியைக் காத்தல் ஒருகாலத்து எழுச்சியன்று, ஆண்டுதோறும் பொறுப்புடையார் கையில் ஒப்புவிக்க வேண்டிய முறைமை என்பது அதனாற் பெறப்படும்.

ஆதலின், திருமடங்களையும் திருக்கோயில்களையும் உழவாரத் திருக்கூட்டங்களையும் யாம் வேண்டிக்கொள்வது இது. மேட்டூர் அணை திறப்பதற்கு முன்னும், ஐப்பசி மழைக்கு முன்னும், குளத்திற்கு நீர் வரும் வாய்க்காலை அதன் தலைப்பு வரை நடந்து பார்த்தல் வேண்டும்; வரத்து அடைபட்ட குளத்தைத் தூர்வாருதல் வாயை மூடிவிட்டு வயிற்றைக் கழுவுதல் போலும். கோயிற் குளத்தின் எல்லையைப் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு அளந்து, குறைந்ததனை மீட்டல் வேண்டும். திருவிழா முடிந்த மறுநாள் திருக்குளத்தைத் தூய்மை செய்தலை அவ்விழாவின் இறுதி அங்கமாகவே கொள்ளல் வேண்டும். புராணப் பிரசங்கஞ் செய்வோர் தண்டியடிகள் கதையை உரைத்து முடித்தபின், கேட்டாரை அவ்வூர்க் குளக்கரைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும்.

ஊர்க்குளத்தில் இறங்கிக் கூடையில் மண் சுமப்பவன், 'யான் சுமக்கின்றேன்' என்னும் எண்ணத்தையும் அக்கூடையோடு கரையில் இறக்கிவைப்பானாயின், அவன் தூர்வாரியது இரண்டு குளங்களையாகும். இரண்டினும் திருவருள் நீர் நிறைவதாக.

திருச்சிற்றம்பலம்